கருங்கோடு விலகிய பலகை: ஒரு டீக்கி ஓவியத்தின் செய்முறைப் பதிவு

24 அங்குல அகலமும் 36 அங்குல உயரமும் கொண்ட பிர்ச் ப்ளைவுட் பலகையில், லாங் பீச்சில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில் ஐந்து மாதங்களாக நான் தீட்டிவந்த ஓவியம் சென்ற வாரம் முடிந்தது. 19 ஆண்டுகள் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தவன் நான். நிப்பும் இந்திய மையும் வெள்ளை அட்டையுமே என் தொழிற்கருவிகள். வண்ணம் எனக்குப் புதிதன்று. ஆனால் அதுவரை நான் செய்ததெல்லாம் கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் வேலை. கோட்டின் துணையில்லாமல் வண்ணத்தையே உருவமாக நிறுத்துவது முற்றிலும் வேறான வேலை என்பதை இந்தப் பலகையில்தான் தெரிந்துகொண்டேன். எங்கே எது தவறியது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை, இதே வழியில் வர நினைக்கும் சித்திரக்காரர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

காட்சி எளியது. 1950-களின் இறுதியில் தென் கலிபோர்னியாவில் இருந்திருக்கக்கூடிய, பசிபிக் தீவுகளின் சாயலில் அலங்கரித்த ஒரு சிறிய டீக்கி மதுக்கூடம். மூங்கில் பதித்த கவுண்டர். கூரையிலிருந்து தொங்கும், முட்கள் விரிய உப்பிய முட்பேத்தை மீன் வடிவ விளக்கு. கவுண்டரின் மேல் முகம் செதுக்கிய பெரிய குவளை. பின்னால் ரம் புட்டிகள். அந்தக் குவளையில் நொறுக்கிய ஐஸை நிரப்பும் பார்டெண்டர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இரண்டு வாடிக்கையாளர்கள்.

டீக்கி என்று அமெரிக்கர்கள் அழைக்கும் இந்த அலங்கார மரபு பசிபிக் தீவுகளில் பிறந்ததன்று, கலிபோர்னியாவில் பிறந்தது. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியதையொட்டி ஹாலிவுட்டில் எர்னஸ்ட் காண்ட் என்பவர் திறந்த சிறிய மதுக்கூடம்தான் இதன் ஊற்று. ‘டான் தி பீச்கோம்பர்’ என்ற அந்தக் கடையின் பெயரையொட்டியே அவர் பின்னாளில் தம் பெயரையும் டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். வடக்கே ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரான் 1934-ல் தொடங்கிய உணவகம் சில ஆண்டுகளில் ‘ட்ரேடர் விக்ஸ்’ ஆனது. இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக்கில் பணியாற்றித் திரும்பிய வீரர்களின் நினைவுகளும், 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமானதும் இந்த மோகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோயின. லாஸ் ஏஞ்சலஸ் அருகே விட்டியர் நகரில் லீராய் ஷ்மால்ட்ஸும் பாப் வான் ஊஸ்டிங்கும் 1956-ல் தொடங்கிய ‘ஓஷியானிக் ஆர்ட்ஸ்’ பட்டறை, நாடெங்கும் உள்ள உணவகங்களுக்கு மரச்சிலைகளையும் மூங்கில் அலங்காரங்களையும் அனுப்பிக்கொண்டிருந்து, 2021-ல் தான் கதவடைத்தது. 1963-ல் அனஹைமின் டிஸ்னிலாந்தில் இயந்திரப் பறவைகளும் பாடும் சிலைகளுமாக ஒரு டீக்கி அறையே திறக்கப்பட்டது. ஆகவே நான் தீட்ட எடுத்துக்கொண்டது பாலினீசியா என்னும் பசிபிக் தீவுலகத்தை அன்று; பாலினீசியாவைப் பற்றி அமெரிக்கா கண்ட ஒரு கனவை. இந்த வேறுபாட்டை மறந்தால் படம் பொய்யாகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேலிச்சித்திரத்துக்கும் இந்த மரபுக்கும் நெருக்கம் உண்டு. அந்தக் காலத்து உணவுப்பட்டியல்களையும் தீப்பெட்டி அட்டைகளையும் பார்த்தால், ஒரு சிலையின் முகத்தை நாலைந்து வளைகோடுகளுக்குள் அடக்கிய சித்திரக்காரரின் கை தெரியும். பிற்காலத்தில் ராபர்ட் வில்லியம்ஸ் போன்றோர், பெரிய பதிப்பகங்களுக்கு வெளியே வந்த ‘தலைமறைவு’ காமிக்ஸிலிருந்து எண்ணெய் ஓவியத்துக்கு நகர்ந்து, சித்திரக்காரனுக்கும் காட்சிக்கூடச் சுவரில் இடம் உண்டு என்று காட்டினார்கள். அவரும் நண்பர்களும் 1994-ல் தொடங்கிய ‘ஜக்ஸ்டபோஸ்’ இதழ் அந்தப் போக்குக்கு மேடையாக அமைந்தது. 1962-ல் பிறந்த ஜோஷ் ஏகிள், ஆங்கிலத்தில் தம் முதற்பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளையும் (SH) குடும்பப்பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் (AG) சேர்த்து ‘ஷாக்’ என்று கையொப்பமிட்டுக்கொண்டு, பத்திரிகை விளக்கப்பட வேலையிலிருந்து டீக்கி உலகத்தைத் தீட்டும் ஓவியராக மாறினார். அவருடைய படங்களை நேரில் அருகிலிருந்து பார்த்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: தட்டையான வண்ணத்தளங்கள் ஒன்றையொன்று தொடும் விளிம்பு, கத்தியால் அறுத்ததைப் போலச் சுத்தமாக இருந்தது. அந்த விளிம்பை நான் எட்ட முடியுமா என்ற ஆசையில்தான் இந்தப் பலகையை வாங்கினேன்.

தூரிகையைத் தொடுவதற்கு முன் குவளையின் முகத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. என் முதல் பென்சில் வரைவில், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் நான் பார்த்திருந்த, கூ என்னும் ஹவாய்ப் போர்த்தெய்வத்தின் மரச்சிலை அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது: எட்டு வடிவில் விரிந்த வாய், அகன்ற மூக்குத்துளைகள், தலையிலிருந்து அடுக்கடுக்காக இறங்கும் முடி. 1819-ல் இரண்டாம் கமேஹமேஹா பழைய சமய விலக்குகளை நீக்கியபோது ஹவாயின் கோவில்கள் இடிக்கப்பட்டுச் சிலைகள் எரிக்கப்பட்டன. கூவின் பெரிய கோவிற்சிலைகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. ஒன்று ஹொனலூலுவிலும், ஒன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும், ஒன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் உள்ள பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 2010-ல் அவை மூன்றும் ஹொனலூலுவில் ஒரே கூடத்தில் சேர்ந்து நின்றன. அத்தகைய ஒரு முகத்தை ரம் குவளையில் ஒட்டவைக்க எனக்கு மனம் வரவில்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபில் டீக்கி என்பது முதல் மனிதனின் பெயர்; அவர்கள் கழுத்தில் அணியும் பச்சைக்கல் பதக்கம் ஹெய்-டீக்கி, அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குலச்சொத்து. ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயியின் பெருஞ்சிலைகள் முன்னோர்களின் உருவங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே முகமாக்கியது உணவகங்களின் வேலை.

எனவே மதுக்கூடத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு முகத்தைக் கட்டினேன். கண்கள் இரண்டும் வட்டமாக அரிந்த எலுமிச்சை வில்லைகள், பற்கள் மூங்கில் கணுக்கள், புருவம் குறுக்கே கிடத்திய துடுப்பு, மூக்கு கவிழ்த்துவைத்த ஐஸ் அள்ளும் கரண்டி. யாருடைய தெய்வமும் அல்லாத, அந்தக் கவுண்டருக்கு மட்டுமே சொந்தமான முகம் அது. பதினேழு வரைவுகளுக்குப் பிறகு அமைந்தது. படத்தில் எனக்கு இன்றும் நிறைவு தருவது அந்தக் குவளைதான்.

பலகையைத் தயார் செய்ததில் ஒரு பாடம் இருந்தது. பயிற்சிக்காக முன்னதாக எடுத்த சிறிய பலகையில், ப்ளைவுட்டின் மேல் நேரடியாக ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் நிலவொளிக்காக அக்ரிலிக் ஜெல்லைக் கனமாகத் தடவியிருந்தேன். சில நாட்களில் அந்த வெண்பகுதி தேநீர் சிந்தியதைப் போலப் பழுப்பேறியது. வண்ணத்தில் கோளாறு என்று நினைத்து இன்னொரு பூச்சு அடித்தேன், அதுவும் பழுத்தது. காரணம் மரத்துக்குள் இருந்தது. அக்ரிலிக் நீர்த்தன்மை உடையது; காய்வதற்கு நேரமெடுக்கும் கனமான படலம், மரத்தில் உள்ள கரையக்கூடிய நிறப்பொருள்களை நீரோடு மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிறது, நிறம் படலத்திலேயே தங்கிவிடுகிறது. ஜெஸ்ஸோ நுண்துளைகள் உள்ளதாகையால் அது இதைத் தடுப்பதில்லை. இந்த முறை பலகையின் முகத்துக்கும் ஓரங்களுக்கும் முதலில் பளபளப்பான அக்ரிலிக் பாலிமர் மீடியத்தை, அதாவது நிறமி சேராத பிசினை, இரண்டு பூச்சு பூசி, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசினேன். அதற்கு மேல்தான் ஜெஸ்ஸோ, நான்கு பூச்சு, ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும். கடைசியாக 400 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தேன். உள்ளங்கையைப் படியவைத்து நகர்த்தும்போது எங்கும் தடைபடாமல் வழுக்கிப் போகும்வரை தேய்க்க வேண்டும். அட்டையில் நிப்பு ஓட்டிப் பழகிய கைக்கு அந்த வழுவழுப்பு இல்லாமல் முடியாது.

பெரிய தளங்களுக்கு எந்த வண்ணம் என்பதைப் பல நாள் யோசித்தேன். அனிமேஷன் கலைஞர்கள் செல்லுலாயிட் தாளில் பயன்படுத்திய வினைல்-அக்ரிலிக் வண்ணங்கள் இந்தப் பாணிக்குப் பொருத்தமானவை. ஒரே பூச்சில் தட்டையாக மூடும், தூரிகைத் தடம் விடாது. நான் சுவருக்கும் கூரைக்கும் பளபளப்பில்லாத வினைல் வண்ணத்தையும், மற்றவற்றுக்குச் சாதாரண அக்ரிலிக்கையும் எடுத்துக்கொண்டேன். மொத்தம் ஏழு கலவைகள். ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் மூடிபோட்ட புட்டியில் முன்கூட்டியே கலந்து, புட்டியின் மேல் அதன் காய்ந்த மாதிரியை ஒட்டிவைத்தேன். ஈரமான வண்ணத்தைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. அக்ரிலிக் பிசின் ஈரத்தில் பால்போல வெளுத்திருப்பதால் வண்ணம் இளநிறமாகத் தெரியும், காய்ந்து பிசின் தெளியும்போது ஒரு படி கருக்கும். அட்டைத்துண்டில் பூசி, ஹேர் டிரையரால் உலர்த்திப் பார்த்த பிறகே கலவையை ஒப்புக்கொண்டேன்.

சுவரின் நீலப்பச்சைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தாலோ பச்சையும் தாலோ நீலமும் கண்ணாடிபோல ஒளிபுகும் நிறமிகள். அவற்றைத் தனியாகப் பூசினால் தூரிகை போன ஒவ்வொரு வழியும் கோடுகோடாகத் தெரியும். அதேநேரம் அவற்றின் நிறவலிமை மிகக் கடுமையானது. பட்டாணி அளவு தாலோ ஒரு கிண்ணம் வெள்ளையை விழுங்கிவிடும். ஆகவே வெள்ளையில் தாலோவைச் சேர்க்க வேண்டுமே தவிர, தாலோவில் வெள்ளையைச் சேர்க்கக்கூடாது. டைட்டானியம் வெள்ளையின் மூடும் தன்மையால் தளம் தட்டையானது. ஆனால் நிறம் மருத்துவமனைச் சுவர்போலக் குளிர்ந்துவிட்டது. எரிந்த அம்பர் என்னும் பழுப்பு நிறமி ஒரு துளி சேர்த்தேன். அந்த ஒரு துளியில் சுவருக்குப் புகையும் பழமையும் வந்தன. பல ஆண்டுகள் சிகரெட் புகை பட்ட சுவராக அது மாறியது.

சுவர் நீலப்பச்சை, பார்டெண்டரின் சட்டை ஆரஞ்சு. எதிர்நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் கண் துள்ளும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது, நானும் அதை நம்பித்தான் வைத்தேன். பூசி முடித்து ஆறடி தள்ளி நின்றபோது சட்டையின் தோள் நடுங்கியது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த விளிம்பு எங்கே நிற்கிறதென்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கருப்புவெள்ளையாக்கிப் பார்த்தேன். தோளே இல்லை. சட்டையும் சுவரும் ஒரே சாம்பல் நிறமாகி, பார்டெண்டரின் தலையும் கையும் மட்டும் வெளியில் மிதந்தன. இரண்டு நிறங்களும் வேறு வேறு, ஆனால் இரண்டின் வெளிச்ச அளவும் ஒன்று. கேலிச்சித்திரத்தில் இந்தச் சிக்கல் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை, ஏனென்றால் நடுவில் எப்போதும் ஒரு கருங்கோடு இருந்து இரண்டையும் பிரித்துக்கொண்டிருந்தது. சுவரை இரண்டு படி கருமையாக்கி மறுபடியும் கலந்து முழுவதும் பூசினேன், ஆரஞ்சைத் தொடவில்லை. தோள் வந்து நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது ஒரு கருப்புவெள்ளைப் படம் எடுத்துவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். நேரான விளிம்புக்குச் சிரமமில்லை. குவளையின் வளைவுக்கு, அகலமான டேப்பை மேலே ஒட்டி, பென்சில் கோட்டின் மேல் புதிய பிளேடால் மெதுவாக அறுத்து, தேவையற்ற பாதியை எடுத்தேன். பிளேடு டேப்பை மட்டும் வெட்ட வேண்டும், கீழே உள்ள வண்ணத்தில் இறங்கக்கூடாது. இதில் கையின் எடையைப் பழகுவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. டேப்பின் ஓரத்தில் வண்ணம் கசிவதைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு: வண்ணத்துக்கு முன் நிறமற்ற மேட் (பளபளப்பில்லாத) மீடியத்தை ஓரத்தில் மெல்லியதாகப் பூசிவிட வேண்டும். கசிய வேண்டியது அந்த நிறமற்ற மீடியமாகவே கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும்; அதன்மேல் பூசும் வண்ணத்துக்குப் போக வழியிருக்காது. டேப்பை உரிக்கும்போது வண்ணம் முழுவதும் இறுகுவதற்கு முன், பின்னோக்கி மடித்தபடி, பலகையின் தளத்தோடு ஒட்டினாற்போல இழுக்க வேண்டும்.

இதை அறிந்தும் ஓர் இரவு களைப்பில் டேப்பை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் உரித்தபோது கூரைப் பகுதியில் உள்ளங்கை அளவுக்கு வினைல் வண்ணம் டேப்போடு வந்துவிட்டது. பூசி இரண்டு நாளே ஆன வண்ணம் அது, பிடிப்பு முழுமையாகவில்லை. உரிந்த இடத்தின் ஓரம் ஒரு தாளின் கனத்துக்குப் படியாக நின்றது. அதன்மேல் நேரடியாகப் பூசியிருந்தால் அந்தப் படி எப்போதும் தெரிந்திருக்கும். ஆகவே ஒரு வாரம் காயவிட்டு, 600 எண் உப்புத்தாளால் ஓரத்தைச் சரிவாக இழைத்து, ஜெஸ்ஸோ நிரப்பி, மறுபடியும் இழைத்து, பிறகு கூரை முழுவதையும் ஒரே மூச்சில் பூசினேன். பழுதான இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் மேட் வண்ணத்தில் அது வேறு பளபளப்பில் தனியாகத் தெரியும்.

மூன்றாம் மாத முடிவில் படம் ஏறக்குறைய முடிந்ததாகவே எண்ணினேன். எல்லா உருவங்களைச் சுற்றியும் மூன்று மில்லிமீட்டர் கருங்கோடு ஓடியது. நீண்ட மயிருள்ள லைனர் தூரிகையால், ஒரே இழுப்பில் போட்ட கோடுகள். மை ஓட்டத்துக்குப் பழகிய கையால் அக்ரிலிக்கை ஓட்டுவதற்கு அதை மையின் பதத்துக்கு இளக்கி, ஓட்டத்தைக் கூட்டும் திரவம் சில துளி சேர்த்திருந்தேன். கோடுகள் அழகாகவே இருந்தன. என் மகள் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், கராஜில் வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“நல்லா இருக்குப்பா. ஆனா இவங்க எல்லாரும் பேசறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு.”

“பேசறதுக்கா?”

“ஆமா. மேல ஒரு பலூன் வரணும், அதுக்குள்ள ஏதாவது எழுதணும். அதுவரைக்கும் படம் முடியாதுன்னு தோணுது.”

அவள் போன பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது முழுக்கச் சரி. பார்டெண்டரின் தலை இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்க மேல்மூலையில் ஒரு பேச்சுப் பலூனுக்கு அளவான இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் இருவரும் நகைச்சுவைத் துணுக்கின் கடைசி வரியைக் கேட்கும் தோரணையில் வாய் பாதி திறந்திருந்தார்கள். கருங்கோடு அவர்களைச் சுவரிலிருந்து வெட்டியெடுத்து, சொல்லப்போகும் சொல்லுக்காக முன்னால் நிறுத்தியிருந்தது. அறையின் வெளிச்சத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 19 ஆண்டுகள் என் கை செய்த வேலையை, நான் கேட்காமலே அது இங்கேயும் செய்து முடித்திருந்தது.

கோடுகளை எடுக்க ஐந்து வாரங்கள் ஆயின. கருப்பின் மேல் வண்ணத்தைப் பூசி மறைத்தால் போதும் என்று தொடங்கியதுதான் தவறு. ஆரஞ்சு மூன்று பூச்சுக்குப் பிறகும் கருப்பை முழுதாக மறைக்கவில்லை. மறைந்த இடத்திலும் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு வரப்புபோல மேடிட்டுத் தெரிந்தது. எனவே முதலில் ஒவ்வொரு கோட்டையும் நனைத்த உப்புத்தாளால் தளத்தோடு தளமாக இழைத்தேன். சிறிய ரப்பர் துண்டில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் விரல் பள்ளம் தோண்டாது. பிறகு கோடு இருந்த இடத்தில் வெள்ளை இரண்டு பூச்சு, அதன்மேல் உரிய நிறம். வெள்ளை அடியில் இருந்ததால் ஆரஞ்சு இரண்டே பூச்சில் தன் முழு ஒளியோடு எழுந்தது.

கோடு போன இடத்தில் என்ன வரவேண்டும் என்பதை ஒவ்வொரு விளிம்பாக நின்று யோசிக்க வேண்டியிருந்தது. சட்டைக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றுமே தேவைப்படவில்லை; சுவரைக் கருமையாக்கிய வேலை அங்கே பலன் தந்தது. மூங்கில் கவுண்டரில் ஒவ்வொரு கழிக்கும் நடுவே அதன் மஞ்சளையே அம்பரால் கருக்கி மெல்லிய வரியாக விட்டேன். முட்பேத்தை விளக்குக்கு வேறு வழி. அந்த மீன் உள்ளிருந்து எரிகிறது, ஆகவே அதன் விளிம்பு இருளை நோக்கிக் கரைய வேண்டும். தோலுக்கு இளமஞ்சள், முள்ளின் அடிக்கு ஆரஞ்சு, நுனிக்குச் சுவரின் நிறமே என்று படிப்படியாக மாற்றினேன். 140-க்கு மேற்பட்ட முட்கள், ஒவ்வொன்றும் மூன்று நிறம். வாடிக்கையாளர் இருவரின் வாயையும் மூடினேன். மேல்மூலையின் வெறுமையில் விளக்கின் ஒளிவட்டத்தை இழுத்துவந்து நிரப்பினேன். அப்போதுதான் அது ஓர் அறையாயிற்று.

பார்டெண்டரின் கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரக்காரர்கள் கைக்கு மூன்று விரலும் கட்டைவிரலும் போடுவது வழக்கம். சிறிய கட்டத்தில் ஐந்து விரல் நெருக்கடியாகத் தெரியும் என்பது அதன் நியாயம். என் முதல் வரைவிலும் நான்கு விரல்தான் இருந்தது. ஆனால் இந்தக் கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. டான் பீச்சின் மதுக்கூடத்திலும் அதைப் பின்பற்றிய பல இடங்களிலும் கவுண்டருக்குப் பின்னால் நின்று மதுவைக் கலந்தவர்களில் பலர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். பார்க்க வந்தவர்கள் தீவு மன்னனின் மாளிகையைப் பார்த்தார்கள். அந்தக் கையைப் பார்த்தவர்கள் குறைவு. அவர்களில் ஒருவரான ரே புஹென், 1961-ல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் பூல்வார்டில் ‘டீக்கி-டி’ என்ற தம் சொந்தச் சிறு மதுக்கூடத்தைத் திறந்தார். அவருடைய குடும்பத்தார் அதைத் தொடர்ந்து நடத்திவந்தார்கள். டான் பீச் தம் கலவைகளின் இரகசியம் வெளியே போகாமலிருக்க, சில சேர்மானங்களைப் பெயருக்குப் பதிலாக எண்கள் எழுதிய புட்டிகளில் வைத்திருந்தார். கலந்தவர்களுக்கே தாங்கள் கலப்பது இன்னதென்று தெரியக்கூடாதென்ற ஏற்பாடு அது.

எனவே அந்தக் கைக்கு ஐந்து விரல்களையும் போட்டேன். கட்டைவிரலின் நகத்தில் ஒரு சிறிய பிறை, மணிக்கட்டில் தோலின் இரண்டு மடிப்பு, ஐஸின் குளிரில் சற்றே சிவந்த விரல்நுனிகள். படத்தில் மற்ற எல்லாம் தட்டை நிறங்கள். அந்தக் கை ஒன்றில் மட்டும் நான்கு தோல்நிறங்களை ஒன்றோடொன்று குழைத்தேன். பாணி முறிகிறதே என்று யாராவது சொல்லக்கூடும். முறியட்டும் என்றே செய்தேன், ஏனென்றால் அந்தக் கனவுக்குள் உண்மையாக உழைத்தது அது ஒன்றுதான். பின்னால் உள்ள ஆறு புட்டிகளில் மூன்றில் பெயர்ச்சீட்டு இல்லை, வெறும் எண்கள். அவற்றைப் பெரிய அச்செழுத்து வடிவில், சிவப்பில், வெள்ளை வட்டத்துக்குள் எழுதினேன். விளம்பரத்தையும் அச்சுப்படத்தையும் ஓவியமாக்கும் பாப் கலைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து எனக்குக் கிடைத்திருக்காது.

அச்சுப்புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தேன். 1961-ல் ராய் லிக்டன்ஸ்டைன் காமிக்ஸ் அச்சின் புள்ளிகளையே ஓவியத்துக்குக் கொண்டுவந்தபோது, சித்திரத்தை வெளியிலிருந்து பார்க்கும் ஓவியராக அவர் அதைச் செய்தார். எனக்கு அந்தப் புள்ளிகள் வெறும் அச்சகத்தின் நினைவாகவே இருந்தன. குவளையின் நிழலில் ஒரு பிடி புள்ளிகளை வைத்துவிட்டு மறுநாளே இழைத்து எடுத்தேன்.

வார்னிஷுக்கு முன் பலகையை இரண்டு வாரம் தூசி படாமல் மூடிக் காயவிட்டேன். பிறகு மென்மையான பளபளப்பு ஜெல்லில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நீர் கலந்து, அகன்ற மெல்லிய தூரிகையால் காப்புப் படலம் ஒன்று பூசினேன். வண்ணத்துக்கும் வார்னிஷுக்கும் நடுவில் நிரந்தரமாக இருக்க வேண்டியது இது. பிற்காலத்தில் யாராவது அழுக்கேறிய வார்னிஷைக் கரைத்தெடுக்கும்போது வண்ணம் கரைந்து வராமல் இதுவே காக்கும். அதன்மேல் முழு மேட் வார்னிஷைப் பூசினால் கருமையான சுவர் சாம்பல் பூத்ததைப் போல மங்கிவிடும் என்பது பயிற்சிப் பலகையில் தெரிந்திருந்தது. மேட் தன்மையைத் தருவது வார்னிஷில் மிதக்கும் நுண்துகள்கள்; பூச்சு கனமானால் அவை மூடுபனிபோல நின்றுவிடும். ஆகவே முதல் இரண்டு பூச்சு பளபளப்பு, கடைசி ஒன்று மட்டும் மேட். சுவரின் கருநீலப்பச்சை ஆழம் குறையாமல் நின்றது, மினுமினுப்பும் அடங்கியது.

கேலிச்சித்திரத்தில் என் கையொப்பம் வலது கீழ்மூலையில், ஒரு சிறிய காக்கையோடு சேர்ந்து, கட்டத்தின் ஓர் அங்கமாகவே இருக்கும். இங்கே முன்பக்கத்தில் போடவில்லை. பலகையைத் திருப்பி, பின்னால் உள்ள குறுக்குச் சட்டத்தில் கரையாத மையால் எழுதினேன்: பிர்ச் ப்ளைவுட், அக்ரிலிக் மீடியம் இரண்டு பூச்சு, ஜெஸ்ஸோ நான்கு பூச்சு, கூரையும் சுவரும் வினைல், மற்றவை அக்ரிலிக், கூரையின் இடப்பக்கம் உரிந்து நிரப்பியது, ஜெல் காப்புப் படலம் உண்டு, வார்னிஷைக் கரைத்து எடுக்கலாம். அதற்குக் கீழே என் பெயர், மாதம், ஆண்டு.